பன்னிரண்டடி மண்சுவர், ஆறரை சென்டிமீட்டர் அட்டை

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது 1959-இல் பி.ஆர்.பந்துலு எடுத்த படத்தில் வரும் கோட்டைதான். அதன் போர்க்காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் போய் எடுத்தார்கள். ராஜபுத்திரர்களின் கல்மதில்கள் கட்டபொம்மனின் கோட்டையாக நம் கண்ணில் பதிந்துவிட்டன. 1801-இல் அந்தக் கோட்டையை எதிர்த்துப் போரிட்டவர்களில் ஒருவரான கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியிட்ட தன் ராணுவ நினைவுகளில் சொல்லும் கோட்டை வேறு. ஒழுங்கற்ற நீள்சதுரம். நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி. முழுக்க முழுக்க மண். சுவரின் உயரம் பெரும்பாலும் 12 அடி. சிறிய சதுரக் கொத்தளங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையே குட்டையான மதில்கள். சுற்றிலும் முள்வேலி. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரமும் இந்த விவரங்களையே எடுத்தாள்கிறது.

இந்தக் கோட்டை இன்று இல்லை. கம்பெனிக்காரர்கள் அதைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். ஒட்டப்பிடாரம் அருகே தொல்லியல் துறை வெளிப்படுத்திய அரண்மனை அடித்தளங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக்கோட்டையும் இருக்கிறது. அது நினைவுச்சின்னம், 12 அடி மண்சுவர் எப்படி இருந்திருக்கும் என்பதை அதைப் பார்த்து அறிய முடியாது. அறிய ஒரு வழி உண்டு. மேசைமேல் அளவெடுத்துக் கட்டிப் பார்ப்பது. அதற்குத் தோதான ஊர் வடக்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது: சிவகாசி.

சிறு உருவங்களை வைத்து, அளவுகோலால் நகர்த்தி, பகடை உருட்டி, பழைய போர்களை மேசைமேல் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது. பிரஷ்யாவில் ரெய்ஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் அரசருக்காக நிலப்பரப்பைத் துண்டுதுண்டாக மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையே செய்து கொடுத்தார். அவர் மகன் 1824-இல் விதிகளை அச்சிட்டபோது 1:8000 அளவு வரைபடத்துக்கு மாறினார். பிரஷ்யப் படை அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில், மரக்குச்சித் துண்டுகளைச் சுடும் பொம்மைப் பீரங்கிகளோடு அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தார். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1668 முதல், பதினான்காம் லூயியின் அரசு எல்லைக் கோட்டைகளை 1:600 அளவில் மாதிரிகளாகச் செய்து வைத்தது. அவற்றில் உள்ள வீடுகள் மரக்கட்டைமேல் வண்ணத் தாள் ஒட்டியவை. பல இன்னும் பாரிஸில் இருக்கின்றன. நம் பக்கமும் காய் நகர்த்தல் புதிதல்ல. சிவகாசிக்கு அருகே வெம்பக்கோட்டை அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன. எந்த ஆட்டத்தின் காய்கள் என்பதுதான் தெரியாது.

சரி, எந்த அளவில் கட்டுவது? இங்கேதான் முதல் இடி விழுகிறது. இந்த விளையாட்டில் அதிகம் புழங்கும் உருவங்கள் தரையிலிருந்து கண்வரை 28 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 1:56. அந்த அளவில் 12 அடிச் சுவர் 6.5 சென்டிமீட்டர் ஆகிறது. பார்க்க அழகு, கைக்கு அடக்கம். ஆனால் 500 அடி நீளம் 2.72 மீட்டர், 300 அடி அகலம் 1.63 மீட்டர். கோட்டை மட்டுமே ஒரு அறையை அடைத்துக்கொள்ளும். முற்றுகையிடும் படை வராந்தாவில் நிற்க வேண்டியதுதான். 1:300-க்கு இறங்கினால் கோட்டை 51 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டரில் அடங்கும். சுவர் வெறும் 1.2 சென்டிமீட்டர். மனிதன் அரிசிமணி அளவு.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு கணக்குப் பித்தலாட்டம் வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு ஓர் அளவு, நிலத்துக்கு வேறோர் அளவு. வீடும் சுவரும் 1:56-இல் நிற்கும். தரையில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஐந்து மீட்டரையோ பத்து மீட்டரையோ குறிக்கும். ஒரு வீடு ஒரு தெருவுக்குப் பதில், ஓர் உருவம் இருபது பேருக்குப் பதில். ஏமாற்று என்று தோன்றலாம். ஆனால் அக்காலத் துப்பாக்கி ஓரளவு குறி தவறாமல் சுடும் தூரம் சுமார் 100 கஜம், அதாவது 300 அடி. கோட்டையின் அகலமும் அதுவே. நில அளவைச் சுருக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தே சுருங்க வேண்டும். எது எதோடு சேர்ந்து சுருங்குகிறது என்று கவனித்தால் போரின் கணக்கு கெடாது. நான் பரிந்துரைப்பது இன்னும் எளிது: முழுக் கோட்டை வேண்டாம். ஒரு கொத்தளம், அதன் இருபுறமும் கொஞ்சம் மதில், உள்ளே ஒரு ஓலைக்கூரை வீடு, வெளியே வேலியின் ஒரு துண்டு. இரண்டடி சதுரத்தில் அடங்கிவிடும்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை எல்லோரும் அறிந்தது. தீப்பெட்டி, அதற்கு லேபிள், லேபிளுக்கு அச்சகம், பிறகு பட்டாசு என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வளர்ந்ததில் இந்த ஊரில் சேர்ந்தவை எல்லாம் மாதிரிக் கட்டுமானக்காரனின் சாமான்கள்: அட்டை, குச்சி, தாள்குழாய், சணல், பசை, வண்ண அச்சு. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் அதிகம் ஐப்பசி கார்த்திகையில். மற்ற மாதங்களின் வறண்ட காற்று வெடிமருந்துக்கும் அச்சு மைக்கும் மட்டுமல்ல, அட்டைக்கும் நல்லது.

அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கட்டுபவர்களின் சுவர்கள் கோணுவது இங்கேதான். டைரிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் மேலட்டையாகப் போடும் 2 மில்லிமீட்டர் கிரே போர்டு எந்த பைண்டிங் கடையிலும் கிடைக்கும். அதில் ஒரு பக்கம் மட்டும் பசை தடவித் தாள் ஒட்டினால் மறுநாள் காலை அது அப்பளமாக வளைந்திருக்கும். தாளும் அட்டையும் செல்லுலோஸ் நார்களின் அடுக்கு. நார் ஈரத்தைக் குடிக்கும்போது நீளத்தில் அதிகம் வளர்வதில்லை, பருமனில்தான் ஊதுகிறது. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துவிடுவதால், அட்டை அந்தத் திசைக்குக் குறுக்கே அதிகம் நீளும், பிறகு காயும்போது அதிகம் சுருங்கும். ஈரமான பக்கம் நீண்டு, காயும்போது இழுக்கிறது. மறுபக்கம் அசையாமல் நிற்கிறது. விளைவு வளைவு.

நான்கு வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பதிக்க வேண்டிய ஆஃப்செட் அச்சுக்காரர்களுக்கு இது அன்றாடத் தலைவலி; தாளில் எந்தப் பக்கம் நார் ஓடுகிறது என்று பார்க்காமல் அவர்கள் வேலையைத் தொடங்குவதில்லை. நாமும் பார்க்கலாம். அட்டையின் மேல்தாளிலிருந்து ஒரு சதுரத் துண்டை உரித்து ஒரு பக்கம் மட்டும் ஈரப்படுத்தினால் அது குழல்போல் சுருளும். குழலின் நீளவாட்டம் எதுவோ அதுவே நாரின் திசை. சுவரின் நீளவாட்டத்தில் நார் ஓடும்படி வெட்டுங்கள். ஒட்டுவதானால் இரு பக்கமும் ஒட்டுங்கள். இரண்டு அட்டைகளைச் சேர்ப்பதானால் இரண்டின் நாரும் ஒரே திசையில் இருக்கட்டும். இவ்வளவு செய்தால் கார்த்திகை மழையிலும் சுவர் நிமிர்ந்து நிற்கும்.

அந்த அட்டைச் சுவர் தன் எடையால் சரியாது என்பதும் கவனிக்கத் தக்கது. நீளம் 56-இல் ஒன்றாகக் குறைந்தால், அதே பொருளில் செய்த சுவரின் எடை 1,75,616-இல் ஒன்றாகக் குறைகிறது. தாங்கும் அடிப்பரப்பு 3,136-இல் ஒன்றாகத்தான் குறைகிறது. எனவே அடிச்சுவரில் ஏறும் அழுத்தம் 56-இல் ஒன்று. உண்மை மண்சுவர் கீழே அகன்று மேலே குறுகிச் சரிந்து நின்றது பாரத்துக்காகவும் மழைக்காகவும். மாதிரியில் அந்தச் சரிவுக்குத் தேவையே இல்லை. ஆனால் வைக்காவிட்டால் பார்ப்பவர் கண் ஏற்காது. செங்குத்தாக நிற்கும் சுவரைக் கண் சிமெண்ட் என்றே படிக்கும்.

தீக்குச்சி இந்த அளவுக்காகவே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. பெருமரம் போன்ற மெதுமரங்களில் சீவிய குச்சி, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம். 56-ஆல் பெருக்கினால் 11 சென்டிமீட்டர் தடிமனும் இரண்டேகால் மீட்டர் நீளமும் உள்ள மரம்: கூரைக்குக் கைமரம், வாசலுக்கு நிலை, தாழ்வாரத்துக்குத் தூண். மருந்து முக்காத வெறுங்குச்சி தனியாகவே கிடைக்கும். பனைமரத் தண்டுக்கு 7 மில்லிமீட்டர் தாள்குழாய் போதும். பழுப்புத் தாளை ஓர் ஆணியில் சுற்றிப் பசையிட்டு உருவினால் குழாய் தயார். இதற்காகப் பட்டாசைப் பிரிக்கவே கூடாது. பட்டறைக் கழிவில் கிடக்கும் குழாய்களையும் எடுக்கக் கூடாது. உரசலில் பற்றும் மருந்துத்தூள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். அந்தப் பகுதியில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அணுகுண்டு வெடியின்மேல் சுற்றும் அதே சணல்கயிற்றைக் கடையில் வாங்கிப் பிரித்து, சீவி, பசையில் படுக்க வைத்தால் கூரை.

இனி மண். மாதிரிமேல் மண்ணையே பூசுவது என்றால் முதலில் ஒரு சிக்கல்: அரை மில்லிமீட்டர் மணல் பரல் இந்த அளவில் 2.8 சென்டிமீட்டர் கல்லாகத் தெரியும். ஆகவே வேட்டித் துணியில் சலித்த தூள் மட்டும். அதோடு ஃபெவிகால், தண்ணீர். கரிசலை அப்படியே குழைத்துத் தடிமனாகப் பூசினால் காய்ந்ததும் பிளந்துவிடும். கரிசலில் உள்ள களிமண் ஏடுகள் தங்களுக்கிடையே நீரை இழுத்து வீங்குபவை. நீர் போனதும் சுருங்குகின்றன. அடியில் அட்டை பிடித்துக்கொண்டிருக்க மேல்பரப்பு மட்டும் சுருங்கினால் இழுவிசை சேர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் வெடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு குழைவுக்கும் ஒரு எல்லைத் தடிமன் உண்டு. அதற்குக் கீழே பூசினால் விரிசலைத் திறக்கப் போதுமான ஆற்றல் அந்தப் படலத்தில் சேர்வதில்லை. எனவே மெல்லிய பூச்சு, காயவிட்டு மறுபடியும் மெல்லிய பூச்சு. கொஞ்சம் நுண்மணல் கலந்தால் சுருக்கம் இன்னும் குறையும்.

இந்த இடத்தில் மாதிரி நம்மை வரலாற்றுக்குள்ளேயே தள்ளுகிறது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது 1801 பிப்ரவரி 2. மேஜர் மெக்காலே கம்பெனிப் படையோடு பாஞ்சாலங்குறிச்சி முன் வந்து நின்றபோது, 1799-இல் கம்பெனி இடித்துத் தள்ளிய கோட்டை மறுபடி எழுந்து நின்றது. ஒரு வாரத்துக்குள் கட்டியது! மண் காய்வதற்கு ஆகும் காலம், உள்ளிருக்கும் ஈரம் வெளியே ஊர்ந்து வரும் வேகத்தைப் பொறுத்தவரை, தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. இரு மடங்கு தடிமன், நான்கு மடங்கு காலம். மாதிரியில் 2 மில்லிமீட்டர் பூச்சு ஒரு மணி நேரத்தில் காய்ந்தால், 2 மீட்டர் தடிமனான சுவர் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் மடங்கின் வர்க்கம், பத்து லட்சம் மணி. நூறாண்டுக்கும் மேல்! உண்மையில் வெயிலும் காற்றும் வெடிப்புகளும் உதவுவதால் இவ்வளவு ஆகாது. இருந்தாலும் மாசி பங்குனி வெயிலில் வெளித்தோல் இறுகி, உள்ளே நெடுநாள் ஈரம் தங்கிய சுவராகத்தான் அது இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்படிப்பட்ட சுவர் பீரங்கிக்கு எப்படி நடந்துகொள்ளும்? ஆறு பவுண்டு இரும்புக் குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்தால் இரண்டு லட்சம் ஜூலுக்கு மேல் ஆற்றலைச் சுமந்து வருகிறது. கல்மதில் இறுக்கமானது; அதிர்வு கல்லுக்குள் வேகமாகப் பரவி, விரிசல் ஓடி, ஓரிடத்தில் பட்டது சுற்றிலும் உதிர்க்கும். இளகிய மண்ணில் குண்டு புதைந்துபோகிறது. அதன் ஆற்றல் மண்ணை நசுக்குவதிலும் விலக்குவதிலும் சூடாக்குவதிலுமே தீர்ந்துவிடுகிறது. ஓட்டை விழும், சுவர் விழாது. வெல்ஷ் இந்த மண்ணின் ஒட்டும் தன்மையைத் தனியே குறிப்பிட்டிருப்பது சும்மா அல்ல. 1805-இல் பரத்பூரின் மண்கோட்டையை லேக் பிரபு நான்கு முறை தாக்கியும் பிடிக்க முடியாமல் போனதற்கும் மண் ஒரு முக்கிய காரணம்.

மாதிரிச் சுவரில் குண்டு பட்ட இடங்களைக் காட்ட விரும்புபவர்கள் கல்லில் உடைப்பதுபோல் மூலை மூலையாகப் பெயர்க்கிறார்கள். வேண்டாம். விரல்நுனியால் ஈரப்பூச்சில் அமுக்கிய, விளிம்பு பிதுங்கிய குழிகளே சரி.

வண்ணம் தீட்டுவதில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: சிறிய மாதிரிக்கு வெளிறிய நிறம் வேண்டும், தூரத்துப் பொருள் காற்றால் வெளிறித் தெரிவதைப் போல. ஒரு மீட்டர் தள்ளி நின்று 1:56 மாதிரியைப் பார்ப்பது உண்மைக் கட்டடத்தை 56 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். 56 மீட்டர் காற்று எதை வெளிற வைக்கும்? தெளிந்த நாளில் ஒன்றையும் இல்லை. அறிவுரை சரி, காரணம் தவறு. உச்சிவெயிலில் பாஞ்சாலங்குறிச்சிச் சுவர்மேல் விழுவது ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். வீட்டில் டியூப்லைட் தருவது சில நூறு. வெளிச்சம் குறையக் குறைய ஒரே நிறம் மங்கலாகவும் உயிரற்றதாகவும் தெரிகிறது என்பதை 1952-இல் ஆர்.டபிள்யூ.ஜி.ஹண்ட் அளந்து காட்டினார். அவர் பெயராலேயே அந்த விளைவு வழங்குகிறது. மண்ணை அள்ளிவந்து அதே நிறத்தில் கலந்தால் மேசைமேல் அது சேறாகத் தெரிவது இதனால்தான். ஒரு படி வெளிச்சமாக்க வேண்டும், ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாட்டையும் கூட்ட வேண்டும்.

நிழல் தானாக விழாதா? சூரியன் வானில் அரை டிகிரி அகலமே. அதனால் கூர்மையான நிழல். டியூப்லைட் நீளமான விளக்கு, நிழலைக் கலைத்துவிடும். ஆகவே நிழலையும் தீட்டியே ஆக வேண்டும். கரும்பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துச் சுவர்மேல் ஓடவிட்டால் நுண்துளைக் கவர்ச்சி அதை இடுக்குகளுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆனால் சமதளத்தில் தேங்கிய துளி காயும்போது ஓரத்தில் வளையம் விழும். துளியின் விளிம்பு தரையோடு ஒட்டிக்கொள்ள, அங்கே நீர் வேகமாக ஆவியாக, உள்ளிருக்கும் நீர் நிறத்தூளைச் சுமந்துகொண்டு விளிம்புக்கு ஓடுகிறது. காபிக் கறைக்கும் இதே கதைதான். 1997-இல் சிகாகோ ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சேர்த்தால் பரப்பு இழுவிசை தளர்ந்து வளையம் பெரிதும் குறையும். சித்திரை நண்பகலில் தீட்டாதீர்கள். தூரிகையிலேயே வண்ணம் காய்ந்துவிடும். கடைசியாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்மண் நிறம் தொட்டு மேடுகளை மட்டும் வருடினால் வெயில் வந்துவிடும்.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதற்கும் கணக்கு உண்டு. நல்ல கண் ஒரு மீட்டர் தூரத்தில் பிரித்தறிவது சுமார் 0.3 மில்லிமீட்டர், கோட்டையில் அது 1.7 சென்டிமீட்டர். அதைவிடச் சிறியதைச் செதுக்குவது உங்கள் திருப்திக்கு மட்டுமே.

வேலிக்கு வருவோம். இங்கே தவறு செய்யாதவர் அரிது. இன்றைக்கு அந்த வட்டாரத்தில் பார்க்குமிடமெல்லாம் சீமைக்கருவேலம். அதையே மாதிரியிலும் நட்டுவிடுவார்கள். அது 1801-க்குப் பல பத்தாண்டுகள் கழித்தே இந்தியாவுக்கு வந்த மரம். ஊமைத்துரை காலத்து முள் என்றால் குடைபோல் விரியும் உடை, நாட்டுக் கருவேல், இலந்தை. காய்ந்த துளசித் தண்டின் கிளைகளை உடைத்து நெருக்கி ஒட்டினால் வெட்டிப் போட்ட முள் மாதிரியே இருக்கும்.

இனி ஆட்டம். 1801 மார்ச் 31-இல் கம்பெனிப் படை சுவரில் பிளவு ஏற்படுத்தி ஏறியது, பெருஞ்சேதத்தோடு திரும்பியது. கொத்தளங்கள் உட்புறம் பொள்ளலாக இருந்தன, உச்சிக்கு ஏறியவனுக்கு நிற்க இடமில்லை, கீழே உள்ளிருந்து நீண்ட ஈட்டிகள் வந்தன என்கிறது வெல்ஷின் விவரிப்பு. வாசிக்கும்போது இது சரியாகப் புரிவதில்லை. கொத்தளத்தைக் கெட்டியான மேடையாகக் கட்டிவிட்டுப் பாருங்கள்: ஏறிய நான்கு உருவங்கள் வசதியாக நின்று உள்ளே சுடும். அதையே பொள்ளலாக, நாற்புறமும் மெல்லிய மேல்விளிம்பு மட்டுமாகக் கட்டுங்கள். 18 அடி ஈட்டிக்குப் பத்து சென்டிமீட்டர் ஈர்க்குச்சி ஒன்றை உள்ளே நிற்கும் உருவத்தின் கையில் ஒட்டுங்கள். ஆறரை சென்டிமீட்டர் சுவரின் உச்சியைத் தாண்டி மேலே மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் அது நீட்டிக்கொண்டிருக்கும். ஏறுபவனின் முழு உயரம் அது! மேலே நிற்பவன் துப்பாக்கியைக் கீழே திருப்புவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஐம்பது பக்கம் படித்து வராத தெளிவு ஓர் அட்டைப் பெட்டியில் வருகிறது. மே 24-இல் கர்னல் ஆக்னியூ கூடுதல் படையோடும் கனத்த பீரங்கிகளோடும் வந்துதான் இதை முறிக்க வேண்டியிருந்தது.

சிவகாசி அச்சகத்தார்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் காலண்டர் அட்டை அச்சிடுகிறீர்கள். ஒரே ஓர் ஆண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்காக, வெட்டி மடித்து ஒட்டக்கூடிய பாஞ்சாலங்குறிச்சிக் கொத்தளம் ஒன்றை ஒரு தாளில் அச்சிட்டுத் தாருங்கள். பொள்ளலாக, சரிந்த சுவரோடு, வெல்ஷ் தந்த அளவுகளில். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மூலையில் ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.